ஒன்பது அங்குலப் பூண்டு

மன்னவனூர்ப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் அப்போது நான் வாத்தியார். நாலாம் வகுப்புக்குப் பூண்டுப் பாத்திதான் பாடம். பிள்ளைகளே நட்டு, வெள்ளிதோறும் செடியின் உயரத்தை அளந்து, அதிலிருந்தே கணக்கும் கட்டுரையும் எழுதினார்கள். அது என் ஏற்பாடு. அதைப் பார்க்கத் திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. ஞாயிறு காலை, உறைபனியில் பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது.

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். கருகியதைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டேன். பனி படியாத மேட்டுத் தோட்டம் ஒன்றில் செடிகளைக் கேட்டு வாங்கி, மண்ணோடு நட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர், பொன்னுத்தாயி என்ற சிறுமியை அளக்கச் சொன்னார். அவள் அளவுக்குச்சியை வைத்தாள்.

"பதினாலு அங்குலம்ங்கய்யா."

அவர் அவளுடைய நோட்டைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை ஒன்பதுன்னு எழுதியிருக்கியே. தப்பா அளந்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரப்பரை நீட்டினேன்.

"பதிமூணுன்னு திருத்திரு தாயி."

அவள் வாங்கவில்லை. குனிந்து செடியின் அடியைக் கிளறினாள். வேரோடு செம்மண் ஒட்டியிருந்தது. எங்கள் பாத்தி கருமண்.

"இது நாங்க நட்டது இல்லீங்கய்யா. மண்ணே வேற. எங்க செடி ஒம்பதுதான்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். நான் குப்பைக்குழியைக் காட்டினேன்.

அவர் குழியருகே போய்க் கருகிய செடிகளைப் பார்த்தார். "கருகினதையும் எழுதச் சொல்லுங்க வாத்தியாரே. அதுவும் பாடந்தானே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பொன்னுத்தாயி கட்டுரையை நீட்டினாள். 'பனியில் செடி கருகிவிட்டது. வாத்தியார் வேறு செடி நட்டு, என் அளவை மாற்றச் சொன்னார்.' பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை. சிவப்பு மையில் சரி போட்டேன். என் கையெழுத்துதான் கோணலாக விழுந்தது.