எத்தனை மில்லிமீட்டர்

மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து உள்பாவாடையில் ரத்தம் பட்டது. எங்கள் பேட்டையான சாங்வியில் நான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிள்ளை உண்டாகியிருந்தபோது எடுத்த ஸ்கேன் ஞாபகத்தில், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். "இது உள்ள வச்சுப் பாக்கற ஸ்கேன். பாத்ரூம் போயிட்டு வாங்க" என்றாள் நர்ஸ், இந்தியில். முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இங்கே எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

ஸ்கேன் செய்த டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பவேயில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தாள். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க" என்று என்னிடம் இந்தியில் சொன்னவள், அதே மூச்சில் நர்ஸிடம் மராத்திக்குத் தாவினாள். "கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிருக்கு. பயாப்ஸி எடுத்துத்தான் ஆகணும்."

மதராஸிக்கு மராத்தி எங்கே தெரியப்போகிறது என்ற நினைப்பு! முப்பது வருஷமாக இந்த ஊர்க் காய்கறிக்காரிகளோடு நான் எந்த பாஷையில் சண்டை போட்டேனாம்?

"எத்தனை மில்லிமீட்டர்?" என்று மராத்தியில் கேட்டேன்.

அவள் கை அப்படியே நின்றது.

"பன்னெண்டு. நாலுக்குள்ள இருக்கணும்" என்றாள். அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.