கதவு தேய்த்த கை

எங்கள் சமையலறை அலமாரிக் கதவுகளை ஆளே வைக்காமல் கழற்றி, தேய்த்து, வார்னிஷ் அடித்தோம் என்று சொன்னால், "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார்கள். ஆசைப்பட்டா செய்தேன்? அவருடைய கைக்காகச் செய்தேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கால் ஒருமாதிரி தேறி, கம்பை ஊன்றி நடந்தார். பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் அசையவில்லை. குளிப்பாட்டி, துவட்டி, சட்டை மாட்டி, சோறு பிசைந்து ஊட்டி, அறுபத்திரண்டு வயதில் எனக்கு எண்பது வயதுக் களைப்பு. அந்தக் கை ஒரு டம்ளரைப் பிடித்துவிட்டால் போதும், சாமியிடம் வேறெதுவும் கேட்கமாட்டேன் என்றிருந்தேன்.

வாரம் ஒருநாள் பயிற்சி கொடுக்க வரும் பெண் மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனாள்: "கைக்கு எந்தெங்கிலும் பணி கொடுக்கணம், ஆன்ட்டி." ஏதாவது வேலை கொடு என்றால் எதைக் கொடுப்பது? ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால், "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆரியசாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷம் மொத்தக்கடை நடத்தியவர், பந்தையா அமுக்குவார்? அப்போதுதான் அலமாரிகள் கண்ணில் பட்டன. நல்ல அயனி மரம். இருபது வருஷத்துத் தேங்காயெண்ணெய்ப் புகை படிந்து, தொட்டால் விரல் ஒட்டும். சரி, உருப்படியான வேலைதானே, தேய்க்கட்டும் என்று நினைத்தேன்.

மொத்தம் பதினொரு கதவு. துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வெந்நீரில் சோடா கலந்து பிசுக்கைக் கழுவியதில் நகமெல்லாம் போயிற்று. முதல் கதவை வராந்தாவில் இரண்டு ஸ்டூல்களின் மேல் கிடத்தி, அவரை நாற்காலியில் உட்கார்த்தி, சின்ன மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன்.

"நீ முன்னால நின்னா கை வராது, கேட்டியா? உள்ள போ."

போனேன். கொஞ்ச நேரத்தில் சரக், சரக்கென்று சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். மத்தியானம் வந்து தொட்டுப் பார்த்தால், ஒரு சாண் அகலத்துக்கு மரம் வெளுத்து வழவழவென்று இருந்தது.

"நீங்களா தேச்சீங்க?"

"பின்னே, பல்லியா வந்து தேய்க்கும்?"

அப்புறம் தினமும் அப்படித்தான். அவர் தேய்த்த கதவுக்கு நான் வார்னிஷ் அடிப்பேன். இந்த ஊர் ஈரக்காற்றில் ஒரு கதவு காய இரண்டு நாளாகும். வாயைத் திறந்துகொண்டு நிற்கும் அலமாரிகளில் எறும்பும் கரப்பானும் சுகமாகக் குடியிருந்தன. பயிற்சிப் பெண் அவர் விரல்களை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இவளுக்கு என்ன தெரியும், வந்து கதவைப் பார்க்கட்டும் என்று மனசுக்குள் ஏசினேன்.

ஒன்பதாவது கதவு வார்னிஷ் காய்ந்த மறுநாள், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினேன். கை அசைந்தால் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் தூறல் விழுந்தது, குடை எடுக்கத் திரும்பினேன். கேட்டைத் திறந்தது அவருக்குக் கேட்கவில்லை. வேர்வை சொட்டச் சொட்டத் தேய்த்துக்கொண்டிருந்தார், இடது கையால். வலது கை மடியில் கிடந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"எத்தன நாளா நடக்கு இது?"

கட்டை அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "மொத நாள்லேருந்தேதான். அந்தக் கை ஒரு நூல் அசையல்லட்டி."

"பின்ன எதுக்கு இந்த நாடகம்? என்னைப் பைத்தியக்காரி ஆக்கவா?"

"அன்னைக்கு நீ கதவைத் தொட்டுப் பாத்துச் சிரிச்சேல்லா? ஏழு மாசத்துக்குப் பொறவு அன்னைக்குத்தான் நீ சிரிச்சுப் பாத்தேன். பொறவு எனக்கு நிறுத்த முடியல்ல."

படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஏச வேண்டும் என்றிருந்தது, ஏசத் தெம்பில்லை. அந்தக் கை இனி வராது என்று அதுவரை ஒருநாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. அன்று சொல்லிக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, விழுந்த கட்டையை எடுத்தேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்தார். நான் விரல்களை மடக்கிவிடுவேன் என்று காத்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டையை அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

"இன்னும் ரெண்டு கதவு கெடக்கு. மழை வலுக்கதுக்குள்ள முடிங்க," என்றேன்.