அருளம்பலத்தார் பேராசிரியர் தேடிய கதை

அருளம்பலத்தார் கலியாணத் தரகர். அச்சுவேலியிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் முந்நூறு கலியாணம் ஒப்பேற்றியிருப்பதாகச் சொல்லுவார். கூட்டித்தான் சொல்லுவார், ஆனால் பாதியாவது உண்மை. என்னுடையதும் அதில் ஒன்று. என் கணவர் விடும் குறட்டையை மறைத்துப் பேசி முடித்த குற்றத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் நான் வேலை செய்த கந்தோருக்கு அவர் வந்தால் என் பங்குத் தேத்தண்ணி அவருக்குத்தான்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். 1979 கடைசியில் ஒருநாள், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகாதேவி ரீச்சரோடு வந்து நின்றார். ரீச்சர் பருத்தித்துறையில் முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருக்காக அருளம்பலத்தார் பதினான்கு சாதகங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் ஒன்றும் சரிவரவில்லை. வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் வைத்திருந்த தகப்பன் ஆழ்வாப்பிள்ளை மகளுக்கென்று சேர்த்த சீதனம் தொடுவாரில்லாமல் கிடந்தது. அந்தக் காணியையும் நகையையும் விற்று, காசை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வரும் வட்டியில் ஒரு கணிதப் பேராசிரியரை வைத்திருக்க வேண்டும், பதவிக்குத் தகப்பனின் பெயர் இருக்க வேண்டும் என்பது ரீச்சரின் விருப்பம். காணிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் என்ற உரிமையில் அருளம்பலத்தார் கூட வந்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் விசாரிப்பது மாதிரித்தான் பல்கலைக்கழகப் பதிவாளரை அருளம்பலத்தார் விசாரித்தார்.

“பேராசிரியர் ஓய்வு எடுத்தால்?”

“அடுத்தவர் வருவார். பதவியின்ரை பேர் மாறாது.”

“செத்துப்போனால்?”

“அப்பவும் மாறாது.”

அருளம்பலத்தார் ரீச்சரின் பக்கம் திரும்பினார். “ரீச்சர், உங்களுக்கு நான் பாத்த இடங்களுக்குள்ளை இதுதான் திறம். தாலி அறுக்கத் தேவையில்லாத கலியாணம். ஒரு வரியத்துக்குள்ளை ஆள் வந்திடும், நான் பொறுப்பு.”

ரீச்சர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதிவாளருக்குத்தான் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை.

ஆள் வரவில்லை. மூன்று தடவை பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். கணிதம் படித்து மேலே போனவர்களெல்லாம் சாம்பியா, நைஜீரியா, இலண்டன் என்று பறந்து முடிந்திருந்தது. எண்பத்தொன்றில் கலவரத்தில் ஊரின் பொது நூலகம் எரிந்த பிறகு, வருவோமா என்று யோசித்த ஒன்றிரண்டு பேரும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ரீச்சருக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஒருத்தர் வந்து கரும்பலகையிலை ஒரு கணக்குச் செய்யிறதைப் பாத்திட்டனெண்டால் காணும், பிள்ளை. எனக்குக் கன காலம் இல்லை.”

இதை நான் அருளம்பலத்தாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. மனிதர் சோறு தண்ணி மறந்தார். சீதனம் கைமாறி இரண்டு வருடமாகியும் மாப்பிள்ளை வரவில்லை என்றால் எந்தத் தரகர் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பார்? படித்த பெடியன்கள் யார் யார், எந்த நாட்டில், மாமியார் வீடு எந்த ஒழுங்கையில் என்பதெல்லாம் அவருடைய தரகுக் குறிப்புக் கொப்பியில் இருந்தது. மாமியார்களிடம் விலாசம் வாங்கி இருபத்திரண்டு வான்கடிதம் எழுதினார். ஒன்பது பதில் வந்தது. ஒருவர் வீடு தருவீர்களா என்று கேட்டார், ஒருவர் கார் இறக்க வரிச்சலுகை உண்டா என்று கேட்டார். இன்னொருவர் தன் தங்கைக்கு நல்ல இடமாகப் பார்க்கச் சொல்லிச் சாதகத்தையே அனுப்பிவிட்டார். அதை மட்டும் அருளம்பலத்தார் பத்திரமாக எடுத்து வைத்தார்.

எண்பத்தொன்று மார்கழியில், ரீச்சரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டிய தேவை வந்தது. அருளம்பலத்தாரும் நானும் பருத்தித்துறை பஸ் ஏறினோம். ரீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அருளம்பலத்தார் கொப்பியை அவர் மடியில் வைத்தார்.

“நீங்களே பாருங்கோ ரீச்சர். ஒருத்தனையும் நான் விடேல்லை.”

ரீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பாதிக் கொப்பியில் எழுத்து தலைகீழாக இருந்தது. அவர் கொப்பியைத் திருப்பிப் பிடித்தார்.

“இது என்ன?”

“அது பெட்டையளின்ரை பக்கம் ரீச்சர். மாப்பிள்ளையளை முன்னாலையிருந்து எழுதுவன், பொம்பிளையளைப் பின்னாலையிருந்து. குழம்பாமல் இருக்க.”

நிறம், உயரம், சீதனம், சாதகத்தில் குற்றம் என்று கட்டம் கட்டமாக எழுதி, கடைசிக் கட்டத்தில்தான் படிப்பு இருந்தது. ரீச்சரின் விரல் அந்தக் கடைசிக் கட்டத்திலேயே கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“அச்சுவேலி ஏரம்புவின்ரை மகள் அற்புதராணி. கணிதம், சிறப்புப் பட்டம், முதலாம் வகுப்பு. இவவுக்கு எழுதினனீரோ?”

“உவவுக்கோ? உவ அறுபத்தாறிலை இராசநாயகம் எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு போயிட்டா. லண்டனுக்குப் புலமைப்பரிசிலிலை போக இருந்தவ. பிள்ளை இனிப் படிக்கக் கூடாதெண்டு மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக்காலிலை நிண்டவை. படிக்கமாட்டா எண்டு நான்தானே வாக்குக் குடுத்து ஒப்பேத்தினனான்.”

“அவ ஓமெண்டவவோ?”

அருளம்பலத்தார் குடையின் பிடியைத் தடவினார். 

“அவவை ஆர் கேட்டது ரீச்சர்” என்றார். “தகப்பனைக் கேட்டனான்.”

ரீச்சர் கொப்பியை மூடிக் கையில் கொடுத்தார். “இப்பவாவது போய்க் கேளும்.”

அடுத்த நாளே அச்சுவேலிக்குப் போனார். அற்புதராணியின் தாய் இரத்தினம்மா வாசலில் வைத்தே நாலு பேச்சுப் பேசிவிட்டுத்தான் விலாசம் கொடுத்தாவாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அற்புதராணி இரவல் புத்தகங்களோடு திரும்பவும் படிக்கத் தொடங்கி, கலாநிதிப் பட்டமும் எடுத்து, சாம்பியாவில் லுசாக்காப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். எங்கள் விளம்பரம் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை.

பதில் மாசியில் வந்தது. அருளம்பலத்தார் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி என்னை வாசிக்கச் சொன்னார். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.

“ஐயா, விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். தகுதி இருந்தால் எடுக்கட்டும். அன்றைக்கு என்னைக் கேட்காமல் என் பேரில் ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். இப்போது எனக்கு ஒரு வாக்கு வாங்கித் தாருங்கள். என் கணவர் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு வருவார் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். அது உங்கள் தொழில்தானே.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. என் மேசையின் மூலையில் இரண்டு மணி நேரம் இருந்து அந்த மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினார். இராசநாயகத்தின் பதில் நாலே வரி. சம்மதம், அவ ஏற்கெனவே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டா, படிக்கக் கூடாது என்ற நிபந்தனை அம்மா போட்டது, அப்போது என்னையும் ஒருவரும் கேட்கவில்லை.

நேர்முகத் தேர்வில் வேறு இருவரும் இருந்தார்கள். தெரிவுக் குழுவுக்கு யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. 1982 ஆவணியில் ஆழ்வாப்பிள்ளை கணிதப் பேராசிரியராக அற்புதராணி முதல் விரிவுரை செய்தார். ரீச்சரை வாடகைக் காரில் கூட்டிவந்து முன்வரிசை வாங்கில் இருத்தியிருந்தோம். எனக்கு அந்தக் கணிதத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ரீச்சருக்குப் பாதி விளங்கியிருக்கும். அவர் கரும்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு இடத்தில், அடுத்த வரி என்ன என்பதை அற்புதராணி எழுதுவதற்கு முன்பே ரீச்சர் தன் மடியில் விரலால் எழுதினார். அந்தச் சந்தோசத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

முடிந்ததும் அற்புதராணி நேரே இறங்கி வந்து ரீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு பின்னால் ஒதுங்கி நின்ற அருளம்பலத்தாரைப் பார்த்தார்.

“பிள்ளை, அண்டைக்கு நான்...” என்று அவர் தொடங்கினார்.

“விடுங்கோ ஐயா. பதினாறு வரியம் போயிட்டுது. உங்களிலை எனக்குக் கோபம் இல்லையெண்டு சொன்னால் பொய். ஆனால் தேடி வந்தனீங்கள்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு நேரே போய் பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு கிழமை கழித்துக் கந்தோருக்கு வந்தார். தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. மேற்படிப்புக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று வேண்டும் என்றார். அல்வாயில் ஒரு பெட்டை, பௌதிகப் பட்டப் பரீட்சையில் நல்ல சித்தி, தையில் கலியாணம் நிச்சயித்திருக்கிறது என்று சொன்னார். பேசி முடித்தவர் அவரேதான்.

“மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு வரியம் பொறுப்பினமோ ஐயா?” என்று கேட்டேன்.

“பொறுக்கமாட்டினம். நேற்றே என்னை ஏசித் துரத்திப்போட்டினம்” என்றார். “துரத்தினால் துரத்தட்டும். நான் இந்தமுறை பெட்டையைக் கேட்டனான்.”