பிளாஷெனாவின் வலது காது

ஸ்லீன் நகரத் தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பிளாஷெனா. கையெழுத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தே பிழைத்தவளுக்கு, கைக்குழந்தை சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறது என்று சந்தேகம் வரும். கசாப்புக் கடைக்காரனின் தராசை நம்பமாட்டாள், வானிலை அறிக்கையை நம்பமாட்டாள். கட்டின புருஷனையும் நம்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவள் சந்தேகம் பலித்தது. அவன் ஒரு பல் டாக்டரம்மாவோடு பிர்னோவுக்குப் போய்விட்டான். அவள் நம்பியது இரண்டே இரண்டைத்தான்: தன் காதையும், ஊர்ப் பாடகர் குழுவையும். இருபத்தாறு வருடமாகக் கீழ்க்குரல் பெண்கள் வரிசையில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. அது போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அந்த வசந்தத்தில் குழுவுக்கு யோகம் அடித்தது. மில்காரன் மகளைப் பற்றிய பழைய செக் ஓபரா ஒன்றை, நகர வாத்தியக் குழுவோடு சேர்ந்து கச்சேரியாகப் பாட அழைப்பு வந்தது. கச்சேரி என்றால் வேஷம் கிடையாது, திரை கிடையாது. எல்லோரும் கறுப்பு உடையில், கையில் பாட்டுத்தாளோடு வரிசையாக நிற்கவேண்டும். நாடகமாகப் போட்டால் கோதுமைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சாக்கில் தப்பு ஸ்வரத்தை மறைத்துவிடலாம். இங்கே ஒவ்வொரு வாயும் வெட்டவெளிச்சம்.

வினை மூன்றாம் அங்கத்தில் இருந்தது. அதில் ஒரு பிரார்த்தனை. வாத்தியம் எதுவுமில்லாமல் குழு மட்டும் இரண்டு பக்கம் பாடவேண்டும், முடிவில் பிடில்கள் வந்து சேரும். ஒவ்வோர் ஒத்திகையிலும் பிடில்கள் சேரும்போது குழுவின் சுருதி ஓர் இழை கீழே இறங்கிக் கிடந்தது.

"கீழ்க்குரல்ல யாரோ ஒருத்தங்க எல்லாரையும் கீழ இழுக்கறீங்க," என்றார் குழுவை நடத்தும் மாஸ்டர் ஸ்பினெக். "யாருன்னு இன்னும் புடிபடல. புடிபட்டா, ஞாயித்துக்கிழமை கச்சேரியை அவங்க வீட்டுலயே உக்காந்து பாடிக்கலாம்."

வரிசையில் பாதிப்பேர் குனிந்து பாட்டுத்தாளைப் பார்த்தார்கள். பிளாஷெனாவுக்கு வலப்பக்கம் நின்ற ஸ்டாஸா மட்டும் வாயைத் திறந்தாள்.

"கூடம் ஜில்லுன்னு இருக்குல்ல மாஸ்டர், அதான் சுருதி எறங்குது."

'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்று பிளாஷெனா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நிமிடமே குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

ஸ்டாஸா மழலையர் பள்ளியில் சமையல் வேலை பார்ப்பவள். குழுவில் சேர்ந்து இரண்டே வருடம். வந்த மாதமே பிளாஷெனாவின் பக்கத்தில்தான் நிற்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு? வாராவாரம் கசகசா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து நீட்டினாள். அது எதற்கு? பாடும்போது தலையைச் சாய்த்து, பிளாஷெனாவின் காதுக்கு நேராகக் குரலை உயர்த்தினாள்.

"ஏண்டி, என் காதுக்குள்ளயே வந்து கத்தற?"

"கத்தறேனா? தப்பா நெனைக்காதீங்கக்கா. கொஞ்சம் என் குரலைக் கேட்டுக்கிட்டே பாடுங்களேன்."

"உன் குரலை நான் எதுக்குக் கேக்கணும்? நீ பால் குடிக்கறப்பவே நான் மேடையில நின்னவ!"

ஸ்டாஸா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பிளாஷெனாவுக்கு ஆகவில்லை. தன் இடத்துக்கு இவள் அடிபோடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். அடுத்த ஒத்திகையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தன் ஸ்வரமும் ஸ்டாஸாவின் ஸ்வரமும் ஒட்டவில்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று தப்பு. எது என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை, கடைசி ஒத்திகை முடிந்ததும் மாஸ்டரின் அறைக்குப் போனாள்.

"ஸ்டாஸாதான் மாஸ்டர்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"பக்கத்துலயே நிக்கறேன். என் காது பொய் சொல்லாது."

மாஸ்டருக்கு ஆயிரம் தலைவலி. கதாநாயகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் கச்சேரி, சோதித்துப் பார்க்க நேரம் ஏது? இருபத்தாறு வருடத்துக்காரியின் வார்த்தையை எடுத்துக்கொண்டு ஸ்டாஸாவுக்குப் போன் போட்டு, கச்சேரிக்கு வரவேண்டாம் என்றார். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

ஞாயிறு மாலை, உடை மாற்றும் அறையில் இடப்பக்கத்துக்காரி ஒட்டீலியா கேட்டாள், "ஸ்டாஸா எங்கக்கா?"

"மாஸ்டர் வேணாம்னுட்டார்."

ஒட்டீலியாவின் முகம் வெளுத்தது. இவளும் அவளுக்குக் கூட்டாளியோ என்று பிளாஷெனா அவளையும் ஒரு தினுசாகப் பார்த்தாள்.

பிரார்த்தனை வந்தது. வலப்பக்கம் நிம்மதியாக இருந்தது. மூச்சை நிறைய இழுத்து, ஆசை தீரப் பாடினாள். நாலு வரி போனதும் ஒட்டீலியாவின் குரல் ஒட்டவில்லை. முன்வரிசையும் ஒட்டவில்லை. என்ன இது, எல்லோருமே மேலே போகிறார்களே! மாஸ்டரின் இடதுகை ஆள்காட்டி விரல் மேலே, மேலே என்று கெஞ்சியது. அவர் கண்கள் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து பிளாஷெனாவின் முகத்தில் நின்றுவிட்டன.

அவள் வாயை மூடினாள். இரண்டே வரியில் சுருதி நிமிர்ந்தது. பிடில்கள் வந்தன, பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டன.

அங்கம் முடிந்து வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டும் நேரத்தில், ஒட்டீலியா உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "ரெண்டு வருஷமா உங்க காதுல பாடிப் பாடி உங்களைத் தூக்கி நிறுத்திக்கிட்டிருந்தது அவதான்க்கா. இல்லாட்டி உங்களை எப்பவோ அனுப்பியிருப்பாங்க. எங்க எல்லாருக்கும் தெரியும்."

பிளாஷெனாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. வெட்கத்தில் அப்படியே இறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது. அத்தனை பேர் பார்க்க வரிசையை விட்டு எங்கே போவது?

கடைசி அங்கம், கல்யாணப் பாட்டு. மொத்தக் குழுவும் தொண்டை கிழியப் பாடியது. பிளாஷெனாவும் எல்லோரையும் போலவே வாயைத் திறந்து திறந்து மூடினாள், குரல் மட்டும் வரவில்லை. கூட்டத்தில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

மாஸ்டர் கண்டுபிடித்தார். அவளைப் பார்த்து, நன்றியோடு தலையசைத்தார்.