டாக்டர் பேசியதும் தம்பி சொன்னதும்

அருள்மேரிக்குத் தம்பி ஆண்டனி என்றால் உயிர். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள் அவள். சாம்பார் கொதிக்கிற நேரத்திலும் யாராவது அகப்பட்டால் போதும், "எங்க ஆண்டனி இங்கிலீஷ் பேசுனா வெள்ளைக்காரனே வாயப் பொளந்துக்கிட்டு நிப்பான்" என்று ஆரம்பித்துவிடுவாள். திருச்சியில் பி.ஏ. படித்த தம்பியைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஓர் அக்காவுக்கு உரிமை இல்லையா என்ன? இருந்தது. அந்தப் பெருமைதான் கடைசியில் அவள் கண்ணைக் கட்டியது.

மகள் பிரின்ஸிக்குப் பிறந்ததிலிருந்தே முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. வளர வளர விலா எலும்புகள் முதுகில் புடைத்துக்கொண்டு வந்தன. நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரல் விரிய இடமில்லாமல், நாலு படி ஏறினாலே பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. அப்பா குழந்தைராஜ் சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எதுவானாலும் அருள்மேரிதான் முடிவு செய்ய வேண்டும்.

பிரின்ஸிக்கு ஆறு வயதாக இருந்தபோது, அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் தஞ்சாவூருக்கு வந்து இலவச முகாம் நடத்தினார்கள். வளைந்த முதுகில் உலோகக் கம்பி வைத்து நிமிர்த்துவார்களாம். அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல வேலைக்கு வைத்த ஆள் வேறு யாருமில்லை, நம்ம ஆண்டனிதான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் அருள்மேரியை எதிரே உட்காரவைத்துப் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்து, கொஞ்சம் விலக்கி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"கம்பி வச்சா நிமிந்துடும்க்கா. பயப்படாதீங்கன்னு சொல்றாரு."

"அவரு அவ்வளவு நேரம் பேசுனாரு, நீ இத்தினியூண்டு சொல்றே?" என்று அவள் சிரித்தாள்.

"அவங்க பேச்சே அப்படித்தான்க்கா. இழுத்து இழுத்துத்தான் பேசுவாங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். கூடப்பிறந்தவன் சொல்லும்போது வேறென்ன யோசனை?

பிள்ளை நிமிர்ந்துதான் வந்தாள். ஊரே வந்து முதுகைத் தடவிப் பார்த்தது. வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே ஆண்டனி அதே டாக்டர்கள் ஏற்பாடு செய்த வேலைக்கு ஜெர்மனி போய்ச் சேர்ந்தான். தம்பி பிழைத்துக்கொண்டான் என்று அருள்மேரி தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள்.

ஒன்றிரண்டு வருடம் போனதும் பிரின்ஸியின் ஒரு தோள் மெல்ல ஏற ஆரம்பித்தது. போனில் கேட்டதற்கு ஆண்டனி, "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான்க்கா இருக்கும். உள்ளூர் டாக்டர் யாரையும் தொடவிடாதே, கெடுத்துடுவாங்க" என்றான். தூரத்தில் இருந்துகொண்டே இவ்வளவு அழகாக அக்கா தலையில் மிளகாய் அரைக்க அவனால்தான் முடியும். அவளும் அவன் சொல்லைத் தட்டாமல் வருடக்கணக்கில் சும்மா இருந்தாள்.

பன்னிரண்டு வயதில் பிரின்ஸி பெரியவளானாள். மாமனுக்கு லீவு கிடைக்கும்போது சடங்கு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அதற்குள் ஒருநாள் புத்தகப் பையைத் தூக்கக் குனிந்தவள் அலறிக்கொண்டு விழுந்தாள். தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் இராஜாங்கம் எக்ஸ்ரேயைப் பார்த்தார். உள்ளே கம்பி இரண்டாக முறிந்திருந்தது.

"பிள்ளை வளரும், கம்பி வளராதேம்மா. ஆறு மாசத்துக்கு ஒருதடவை சின்னதா திறந்து கம்பிய நீட்டிவிடணும். ஏன் வரவே இல்ல?"

"யாரும் சொல்லலைங்க."

"சொல்லாம யாரும் இத வைக்க மாட்டாங்கம்மா."

அப்போதுதான் அருள்மேரிக்கு அந்த வெள்ளைக்கார டாக்டரின் கைகள் விலகி விலகி நின்றது ஞாபகம் வந்தது. முறிந்த கம்பியை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்றார் இராஜாங்கம். ஆனால் நெஞ்சுக்கூடு வளரவேண்டிய வயது போய்விட்டது, மூச்சு இனி இவ்வளவுதான் என்றும் சொன்னார்.

தம்பியிடம் அவள் போனில் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சடங்குக்கு ஆண்டனி மேளதாளத்தோடு வந்தான். பட்டுப்புடவை, சங்கிலி, தட்டுத் தட்டாகப் பழம், வெளிநாட்டு மிட்டாய். சீரை எல்லாம் முற்றத்தில் இறக்கச் சொல்லிவிட்டு, பிரின்ஸி உட்கார்ந்திருந்த அறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள் அருள்மேரி.

"அன்னைக்கு அந்த டாக்டர் என்னடா சொன்னாரு? இப்பவாவது முழுசா சொல்லு."

ஆண்டனி முதலில் பூசி மெழுகிப் பார்த்தான். அக்கா அசையவில்லை.

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் நீட்டணும்னாரு. நாங்க திரும்பி வரமாட்டோம், இங்க அதச் செய்ய ஆள் இருக்கான்னு கேட்டாரு. இல்லாட்டி வைக்க வேணாம், வேற வழி பாக்கலாம்னாரு."

"நீ?"

"இருக்குன்னேன்."

"ஏன்டா?"

"முகாமுக்கு மொத பிள்ளை நம்ம பாப்பாதான்க்கா. நீ பின்வாங்கினா மத்தவங்களும் போயிடுவாங்க. முகாம் நல்லபடியா நடந்தா என்னை அழைச்சுக்கிட்டுப் போறதா சொல்லியிருந்தாங்க. நான் போயி, அங்கேருந்து எப்படியாவது ஏற்பாடு பண்ணிடலாம்னுதான் நெனச்சேன்."

"எம்பிள்ளை முதுகுல ஏறியா நீ ஏரோப்ளேன் ஏறுனே?" அருள்மேரி அவனை அடிக்கக் கை ஓங்கினாள், பிறகு தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

பிரின்ஸி மாமனைப் பார்த்தாள்.

"மாமா, என்னைத் தள்ளிக்கிட்டு உள்ள போறப்ப நான் உங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். வேணாம், வீட்டுக்குப் போகணும்னு சொல்லச் சொன்னேன். நீங்க அவங்ககிட்ட என்னவோ சொன்னீங்க. என்ன சொன்னீங்க?"

ஆண்டனி கதவைப் பார்த்தான். வெளியே சீர்த்தட்டுகளைச் சுற்றிப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா சீக்கிரமா ஆரம்பிக்கச் சொல்லுதுன்னேன்."

"ஆமா, எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள் பிரின்ஸி. "வீட்டுக்கு அனுப்பப் போறாங்கன்னு நெனச்சு, நானும் அழுகைய நிப்பாட்டிட்டுச் சிரிச்சேன்."