கறுத்துத் தெரிந்த கல்லீரல்

கிரேஸின் அம்மா பிழைக்கமாட்டார் என்று சொன்னது நான்தான். அதைச் சொல்லும் அறிவும் எனக்கில்லை, உரிமையும் இல்லை. நான்கு ஆண்டுகளாக மறைத்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவர் நான். அப்போது ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தேன். சி.டி. படத்தில் கல்லீரல் மண்ணீரலைவிடக் கறுத்துத் தெரிந்தால், அதில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீள்கிறார்களா? அதுதான் என் கேள்வி. பதில் தெரியாததால்தான் ஆய்வு. நோயாளியின் வீட்டாரிடம் அதைப் பேசக்கூடாது என்பது நானே எழுதிக் கையெழுத்திட்ட விதி.

கிரேஸ் தக்கலையில் என்னோடு பள்ளியில் படித்தவள். அவள் அம்மா நிமோனியா முற்றிச் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். மார்புக்கு எடுத்த சி.டி. படத்தில் கல்லீரலும் பதிவாகியிருந்தது, கறுப்பாக. ஆறாம் நாள் காலை, வராந்தாவில் கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒளிக்காம சொல்லு மக்கா. அம்மை பொழைப்பாளா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால்... அதுவரை என் பட்டியலில் கல்லீரல் கறுத்தவர்களில் பலர் இறந்திருந்தார்கள். பிறருக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்ற கர்வம். வேறென்ன?

“கல்லீரல் முழுக்க கொழுப்பு, கிரேஸ். இப்படி உள்ளவங்க திரும்பி வாறது கஷ்டம்.”

“அப்போ வீட்டுக்குக் கொண்டு போகட்டா?”

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிகிச்சையளித்த மருத்துவர் இன்னும் சில நாள் பார்க்கலாம் என்றார். அவள் கேட்கவில்லை. சொந்தப் பொறுப்பில் என்று கையெழுத்திட்டு அழைத்துப் போனாள். மறுநாள் மதியம் அம்மா இறந்தார்.

என் பட்டியலில் அவரையும் எழுதினேன்: கல்லீரல் கறுத்தவர், இறந்தவர். என் ஊகத்துக்கு இன்னொரு சான்று... அதை நானே உண்டாக்கியிருந்தேன்.

ஆய்வு முடிந்தது. வயதையும் நோயின் கடுமையையும் சேர்த்துப் பார்த்தபோது, கல்லீரலின் கறுப்பு தனியாக எதையும் முன்னறிவிக்கவில்லை. அதே மாதிரிப் படத்தோடு நடந்து வீட்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள். கிரேஸின் அம்மாவும் அப்படி நடந்து போயிருப்பாரா? தெரியாது. தெரியவரும் வழியை நான் அடைத்துவிட்டேன்.

போன மாதம் தக்கலை பேருந்து நிலையத்தில் கிரேஸைப் பார்த்தேன்.

“நீ அன்னைக்கு உள்ளதைச் சொன்னதுனாலதான் அம்மை எங்க பக்கத்துல கிடந்து போனா. உனக்கு நான் ஒரு நன்றிகூட சொல்லல்லியே மக்கா” என்றாள்.

“அதெல்லாம் எதுக்கு” என்றேன். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.