பண்ணையைப் பிறர் கையில் விட்டுப் பழகிய அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர் எல்லோருக்கும் அவரை மல்லாட்டை ஆபீசர் என்று தெரியும். அங்கே அவர் என்னதான் செய்தார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். துக்கம் கேட்க வந்த இடத்திலேயே ஒரு பெரியவர், "ஒங்கப்பா வெத விக்கற எடத்துலதானம்மா இருந்தாரு?" என்று என்னைக் கேட்டார். அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கோபம் வந்தது. மூத்த மகள் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது முகையூர்ப் பக்கம், சொந்த நிலத்தில் பாடுபட்ட குடும்பத்தில். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாய்மாமன் அவரை விழுப்புரத்தில் தம் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். காலையில் கேப்பைக் கூழ் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் அடுத்த வேளை ராத்திரிதான். அந்தப் பசியோடு படித்து, உதவிச் சம்பளம் பெற்று, கோயம்புத்தூர் சென்று விவசாயப் பட்டம் வாங்கினார். பிறகு திண்டிவனத்திலிருந்து சற்றுத் தள்ளியிருந்த சிறிய அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, 1950களின் நடுவில் அதன் தலைவரானார்.

பண்ணையின் வேலை, மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், புது ரகங்களை உருவாக்குவது. இரண்டு ரகச் செடிகளை மகரந்தம் மாற்றி ஒட்டுச் சேர்த்து, அதில் வந்ததை விதைத்து, நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, இப்படியே வருஷக்கணக்காகப் போகும். ஆரம்பித்த விஞ்ஞானி முடிவைப் பார்க்கும் வரை அதே நாற்காலியில் இருப்பதில்லை. மாற்றலாகிப் போவார், அல்லது ஓய்வு பெறுவார். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. அப்பாவுக்கு இதுதான் ஓயாத கவலை. செடியைப் பற்றி நினைத்ததைவிட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் நினைத்தார். யார் எப்போது ஓய்வு பெறுவார், அந்த இடத்துக்கு யாரைத் தயார் செய்வது என்று சாப்பிடும்போதுகூட அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா, "மொதல்ல மோரு ஊத்திக்கினு அப்புறம் ஆள மாத்துங்க" என்பார்.

அதற்காக அப்பா ஒரு பழக்கம் வைத்திருந்தார். அவ்வப்போது ஒரு நாள், இளைய உதவியாளர் ஒருவரிடம் பண்ணையை ஒப்படைத்துவிட்டு, ரயிலேறி விழுப்புரத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மாலை வண்டியில் திரும்புவார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று மேலிடத்தில் பேச்சு வந்தது. சித்தப்பாவே ஒரு தடவை கேட்டிருக்கிறார். "நான் கூட இருந்தா எல்லாரும் எம் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கறாங்கடா. நாளைக்கு நான் இல்லன்னா யார் மூஞ்சியப் பாப்பாங்க?" என்றாராம் அப்பா.

உதவியாளர்களில் அவர் பெரிதும் நம்பியவர் கோட்டக்குப்பத்து ஜமாலுதீன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜமால் அண்ணன். ஓர் ஐப்பசியில், அறுவடை முடிந்து காய்கள் களத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஒட்டின் காயும் தனித்தனிக் குவியலாகச் சீட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்று பொறுப்பை ஜமால் அண்ணனிடம் சொல்லிவிட்டு அப்பா விழுப்புரம் போனார்.

மத்தியானம் வானம் கறுத்தது. காய்களை உள்ளே சேர்க்க ஜமால் அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு விதைக் கிடங்குக்கு ஓடினார். கிடங்குக்காரர் திறக்க மறுத்துவிட்டார். தலைவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி.

"ஐயா என்னைத்தான பாத்துக்கச் சொன்னாரு, ஜல்தியாத் தொறங்க!" என்று ஜமால் அண்ணன் கத்தினார்.

"ஒன்னாண்ட சொன்னாரு தம்பி, என்னாண்ட சொல்லலியே. நாளைக்கு வெத கொறஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் கிடங்குக்காரர்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீரில் காய்கள் மிதந்து, குவியலோடு குவியல் கலந்து, சீட்டுகள் அடித்துக்கொண்டு போயின. எது எந்த ஒட்டின் காய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பல வருஷத்து உழைப்பு ஒரே பிற்பகலில் போயிற்று. மாலை திரும்பிய அப்பா களத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார்.

அந்தச் சமயத்தில் இரண்டு காரியங்கள் மேலிடத்தில் இருந்தன. ஒன்று, அப்பாவுக்குச் சென்னையில் பெரிய பதவி. இன்னொன்று, ஜமால் அண்ணனுக்கு அப்பா சிபாரிசு செய்திருந்த வெளிநாட்டு மேல்படிப்பு. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கூடவே அப்பாவுக்கு வேண்டிய மேலதிகாரி ஒருவர் வீடு தேடி வந்து, பொறுப்பில் இருந்த உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் சென்னை உத்தரவு நிற்காது என்றார். அப்படி எழுதினால் அண்ணனின் படிப்பு நின்றுவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா அன்று கெஞ்சினார். சென்னைக்குப் போனால் என்னைக் கல்லூரியில் சேர்ப்பதாகப் பேச்சு. "சின்னப் பையன், இன்னும் எத்தினியோ வாய்ப்பு வரும் அவனுக்கு. நமக்கு வருமா? பொண்ணப் பாருங்க" என்றார்.

அப்பா சொன்ன பதிலை நான் உள்ளே நின்று கேட்டேன். "பொறுப்ப அவன் தலையில வச்சிட்டு, கையெழுத்த எம் பையில வச்சிக்கினு ஊருக்குப் போய்ட்டேன். கெடங்குக்காரன் செஞ்சதும் சரிதான். இதுல அந்தப் பையன் தப்பு எங்கருந்து வந்துச்சி?"

தவறு முழுவதும் தம்முடையதே என்று எழுதிக் கொடுத்தார். சென்னைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஜமால் அண்ணன் கப்பலேறினார். நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தேன். அம்மா வெகுநாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான். இன்றைக்கும் அந்தக் கல்லூரியை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. நினைவு மலர் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

அப்பா விழுப்புரம் போவதை மட்டும் விடவில்லை. அதன் பிறகு பொறுப்பு யாருக்கென்று எல்லோருக்கும் எழுத்தில் கொடுத்து, பொறுப்பில் இருப்பவரின் கையெழுத்தே செல்லும் என்று உத்தரவும் வாங்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஓய்வு பெறும்வரை அதே பண்ணையில் இருந்தார். அவரிடம் வேலை கற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு பண்ணைகளுக்குத் தலைவர்களாகப் போனார்கள். கலந்துபோன ஒட்டுகளை அவர் முதலிலிருந்து தொடங்கினார். அவற்றில் தேறிய ரகம் வெளிவந்தபோது அப்பா ஓய்வு பெற்றிருந்தார். பேப்பரில் வேறு பெயர்கள் இருந்தன. அதை அவரே எங்களுக்குச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார்.

கடைசி மாதங்களில் நெஞ்சு வலியால் மிகவும் துன்பப்பட்டார். யாரையும் நொந்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்தார்.

விழுப்புரத்தில் அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இரவு பகல் பாராமல் துணையிருந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், திண்டிவனத்து அண்டை வீட்டாருக்கும், பாடையைத் தோளில் சுமந்த பண்ணைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது. கிடங்குக்காரர் தள்ளாத வயதிலும் வந்து மாலை போட்டார். அவருக்கும் எங்கள் வணக்கம்.

ஜமால் அண்ணனுக்கு மட்டும் நன்றி எழுதக் கூடாது, பெற்ற பிள்ளைக்கு யாரும் நன்றி எழுதுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கிடைக்காமல் போன சென்னைப் பதவியில் இப்போது இருப்பவர் அவர்தான். கருமாதியன்று வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

"ஐயா ஒக்கார வேண்டிய நாற்காலிம்மா அது. தெனம் காலையில அதுல ஒக்கார எனக்கு மனசே வரலிங்க."

அம்மா அவர் தலையில் கை வைத்தார்.

"ஒக்காருப்பா. நீ ஒக்காரணும்னுதான் அவரு எழுந்துக்கினாரு."